வெந்த பின்னும் சிவப்பு

ஆட்டுக்கறியோ மாட்டுக்கறியோ, பச்சையில் இருக்கும் சிவப்பு சட்டியில் விழுந்த சில நிமிடங்களில் போய்விடும். நிறம் மாறினால்தான் வெந்தது என்று நமக்கு நம்பிக்கை வரும். அமெரிக்க வீடுகளில் ஈஸ்டர் ஞாயிறு மதியம் நடுமேசைக்கு வரும் பன்றித்தொடை இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. மேலே கண்ணாடிபோல் மின்னும் செம்பழுப்புப் பாகு. கொழுப்பைச் சாய்சதுரக் கட்டங்களாகக் கீறி, கட்டத்துக்கு ஒரு கிராம்பு குத்தியிருப்பார்கள். மணிக்கணக்கில் புகையிலும் சூட்டிலும் கிடந்த இறைச்சி அது. ஆனால் கத்தி இறங்கியதும் உள்ளே எலும்பு வரைக்கும் ரோஜா நிறம்.

அவர்கள் அதை ஹாம் என்கிறார்கள். பன்றியின் பின்னந்தொடையை உப்பில் ஊறவைத்துப் பதப்படுத்தியது. அந்த ரோஜா நிறத்துக்குக் காரணம் சாயமோ பழச்சாறோ அல்ல, அரைகுறை வேக்காடும் அல்ல. அதைக் கண்டுபிடித்த வரலாறு சமையலறையில் தொடங்கவும் இல்லை.

தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும் மையோகுளோபின் என்ற புரதம்தான் இறைச்சிக்குச் சிவப்பைத் தருகிறது. முப்பரிமாண வடிவம் முதன்முதலில் கண்டறியப்பட்ட புரதமும் இதுவே. 1958இல் ஜான் கெண்ட்ரூவின் குழு அதைச் செய்தது. புரதத்தின் நடுவே ஓர் இரும்பு அணு இருக்கிறது. அந்த இரும்போடு யார் ஒட்டியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து நிறம் மாறும். ஆக்சிஜன் ஒட்டினால் பளிச்சென்ற சிவப்பு. சூட்டில் புரதம் குலைந்து இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் பழுப்பு. இரும்போடு நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு ஒட்டிக்கொண்டாலோ கதை வேறு. அது சூடு பட்டாலும் பிடியை விடாது. வெந்த பிறகு நிலையான இளஞ்சிவப்பாகத் தங்கிவிடும்.

அந்த வாயு எங்கிருந்து வருகிறது? பழைய காலத்தில் கறியை உப்பிடும்போது கூடவே கொஞ்சம் வெடியுப்பும் தேய்த்தார்கள். பீகாரிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி வெடிமருந்துக்காகக் கப்பல் கப்பலாக ஏற்றிப்போனதும் இதே பொருள்தான், பொட்டாசியம் நைட்ரேட். இறைச்சியில் வாழும் சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரைட் ஆக்கும். நைட்ரைட் இறைச்சியின் புளிப்பில் உடைந்து நைட்ரிக் ஆக்சைடு தரும். ஜெர்மனியில் பொலென்ஸ்கே என்பவர் 1891இல், வெறும் நைட்ரேட் போட்ட உப்புக்கறியில் நைட்ரைட் இருப்பதைக் கண்டார். மிச்சப் புதிரை அவிழ்த்தவர் சுரங்கங்களுக்குள் இறங்கி விஷவாயுக்களை ஆராய்ந்த ஒரு மனிதர்.

1896 ஜனவரியில் வேல்ஸ் நாட்டின் டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிவிபத்து நடந்து 57 பேர் இறந்தார்கள். விசாரிக்கப் போன ஜான் ஸ்காட் ஹால்டேன், அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது வெடி அல்ல, பிறகு பரவிய கார்பன் மோனாக்சைடு என்று நிறுவினார். இறந்தவர்களின் உடலில் செம்மை படர்ந்திருந்ததுதான் அவருக்குக் கிடைத்த தடயம். ரத்தத்தின் இரும்பை ஒரு வாயு பற்றிக்கொண்டால் நிறம் எப்படி மாறும் என்பதை அவரளவுக்கு அறிந்தவர் அன்று குறைவு. சுரங்கத்துக்குள் சிறு பறவைகளைக் கொண்டுபோய் விஷவாயுவை முன்னறியலாம் என்று சொன்னவரும் அவரே. அந்த ஹால்டேன் 1901இல் உப்புக்கறியின் சிவப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நைட்ரைட்டிலிருந்து பிறக்கும் நைட்ரிக் ஆக்சைடு ரத்த நிறமியோடு சேர்வதும், வேகும்போது அது நிலையான சிவப்பாக மாறுவதும்தான் காரணம் என்று காட்டினார். அவருடைய மகன் ஜே.பி.எஸ். ஹால்டேனை நம்மில் பலருக்குத் தெரியும். 1957இல் இந்தியா வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்த மரபியலாளர்.

நிறத்துக்காக மட்டும் நைட்ரைட் இன்றுவரை நீடிக்கவில்லை. 1895 டிசம்பரில் பெல்ஜியத்தின் எல்லெஸெல் என்ற ஊரில் ஒரு சாவு வீட்டுக்கு வாசிக்க வந்த இசைக்குழுவினர் ஒன்றாக உட்கார்ந்து ஹாம் சாப்பிட்டார்கள். சமைக்காத, உப்பிட்டுப் புகைபோட்ட தொடை. அடுத்தடுத்து அவர்களுக்குப் பார்வை இரட்டையாகத் தெரிந்தது, நாக்கு குழறியது, விழுங்க முடியவில்லை. மூன்று பேர் இறந்தார்கள். கென்ட் நகர நுண்ணுயிரியல் பேராசிரியர் எமீல் வான் எர்மெங்கெம், மிச்சமிருந்த ஹாமிலிருந்தும் இறந்தவரின் உடலிலிருந்தும் ஒரே பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து 1897இல் அறிவித்தார். இன்று நாம் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்று அழைக்கும் கிருமி அதுதான். பாட்டுலினம் என்ற சொல்லே கறி அடைத்த குடலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. காற்றில்லாத இடத்தில், போதிய உப்பு இல்லாத கறிக்குள் அது வளரும். அது உண்டாக்கும் நச்சு நரம்புகளைக் கட்டிப்போடும். உப்பு போதுமான அளவு இருந்தால் நச்சு உருவாகாது, நன்றாகச் சூடுபடுத்தினால் உருவான நச்சும் அழியும் என்பதையும் வான் எர்மெங்கெம் கண்டார்.

நைட்ரைட் இந்தக் கிருமியின் வித்துகள் முளைத்துப் பெருகாமல் தடுக்கிறது. அமெரிக்க வேளாண் துறை 1925இல் சோடியம் நைட்ரைட்டை நேரடியாகச் சேர்க்க அனுமதித்தது. அதன் பிறகு வெடியுப்பு நைட்ரைட்டாக மாறட்டும் என்று வாரக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லாமல் போயிற்று. வீட்டில் பதப்படுத்துபவர்களுக்கு அங்கே விற்கப்படும் உப்பில் நைட்ரைட் 6.25 விழுக்காடுதான், மற்றது சாதாரண உப்பு. அதிலும் வேண்டுமென்றே இளஞ்சிவப்புச் சாயம் கலந்திருப்பார்கள். சமையல் உப்பென்று நினைத்து யாரும் குழம்பில் அள்ளிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக. மிகச் சிறிய அளவில் உயிர் காப்பது, கரண்டிக் கணக்கில் உயிரை எடுக்கும். நான் இந்தக் கட்டுரையை எழுத நினைத்ததே இந்த இடத்துக்காகத்தான். பண்டிகைத் தட்டில் அழகாகத் தெரியும் ஒரு நிறத்துக்குப் பின்னால் இத்தனை சாவுகளும் இத்தனை கவனமும் இருக்கின்றன.

ஈஸ்டருக்கு ஏன் ஹாம்? குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் பன்றியை இலையுதிர் காலக் கடைசியில், குளிர் தொடங்கியதும்தான் அறுப்பார்கள். உடனே தின்ன முடியாத தொடைகளை உப்பில் புதைப்பார்கள். உப்பு மெல்ல மெல்லத்தான் உள்ளே இறங்கும். தொடையின் பருமனில் ஓர் அங்குலத்துக்கு 7 நாள் என்று வர்ஜீனியாவின் வேளாண் விரிவாக்கத் துறை இன்றும் கணக்குச் சொல்கிறது. அதுவரை எலும்பருகே கெட்டுப்போகாமல் காப்பது குளிர்காலம்தான். உப்பு பரவி, புகை ஏறி, தொடை தயாராகும்போது வசந்தம் வந்திருக்கும், தவக்காலமும் முடிந்திருக்கும். நம்மூரில் உப்புக்கண்டத்துக்கும் கருவாட்டுக்கும் வெயில் செய்யும் வேலையில் பாதியை அங்கே குளிர் செய்தது.

வர்ஜீனியாவின் ஸ்மித்ஃபீல்டு ஊர் இந்தக் கலைக்குப் பேர்போனது. வேர்க்கடலை தின்று வளர்ந்த பன்றியின் தொடையாக இருக்க வேண்டும், அந்த ஊருக்குள் பதப்படுத்தியதாக இருக்க வேண்டும், அப்போதுதான் ஸ்மித்ஃபீல்டு ஹாம் என்ற பெயர் என்று 1926இல் மாநிலச் சட்டமன்றம் சட்டமே போட்டது. வேர்க்கடலை நிபந்தனை 1966இல் கைவிடப்பட்டது. 1902இல் பதப்படுத்திய ஒரு தொடை அங்கே பாண்டகசாலையில் கவனிப்பாரற்றுத் தொங்கிக் கிடந்தது. பல ஆண்டு கழித்து அதைப் பார்த்த முதலாளி பி.டி. குவால்ட்னி ஜூனியர், அதற்குப் பித்தளைக் கழுத்துப்பட்டை மாட்டி, செல்லப்பிராணி என்று சொல்லி ஊரூராகக் காட்டினார். குளிர்ப்பெட்டி இல்லாமலே தன் ஹாம் கெடாது என்பதற்கு அதுவே சாட்சி. இப்போது அது அந்த ஊர் அருங்காட்சியகத்தில் கருத்துச் சுருங்கிய தோல்பைபோல் இருக்கிறது.

இன்றைய குடும்பங்கள் பெரும்பாலும் அப்படி மாதக்கணக்கில் காத்திருப்பதில்லை. தொழிற்சாலையில் உப்புநீரையும் நைட்ரைட்டையும் ஊசிகளால் தசைக்குள் செலுத்தி, வேகவைத்து, லேசாகப் புகைகாட்டிய ஹாம் கடையில் கிடைக்கிறது. நாட்டுப்புறத்து ஹாமிலிருந்து பிரித்துக் காட்ட இதை நகரத்து ஹாம் என்பார்கள். பண்டிகைக்கு முதல்நாள் பின்கட்டில் புகையடுப்பை மூட்டுபவர் செய்வது, ஏற்கெனவே வெந்த இந்தத் தொடைக்கு இரண்டாம் முறை புகைபோட்டுப் பழப்பாகு பூசுவதுதான். வாங்கும்போது சீட்டைப் படிக்க வேண்டும். ‘ஹாம்’ என்று மட்டும் போட்டிருந்தால் கொழுப்பு நீங்கலான பகுதியில் புரதம் 20.5 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. ‘தண்ணீர் சேர்த்தது’ என்றால் 17 போதும். அந்தத் தண்ணீரெல்லாம் புகையடுப்பில் ஒழுகி, பாகை நனைத்து வழியவிடும்.

இனி புகை. விறகு என்பது வேதியியல் கண்ணுக்கு மூன்று பொருள்களின் பின்னல்: செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின். முதல் இரண்டும் சர்க்கரைகளால் கோத்த சங்கிலிகள். சூட்டில் உடைந்து இனிப்பும் புளிப்பும் கலந்த வாசனைகளைத் தரும், இறைச்சியின் மேற்பரப்புக்குப் பொன்னிறமும் அவற்றால் வரும். புகைக்கறியின் உயிர்மணம் லிக்னினிலிருந்து வருகிறது. இன்னும் அதிக வெப்பத்தில் உடையும் அது குவையகால், சிரிங்கால் என்ற பொருள்களை விடுகிறது. வறுத்த காப்பிக்கொட்டையில் மூக்கைத் தொடும் புகைச்சாயலும் குவையகால்தான். இன்னொரு உறவும் இருக்கிறது. கிராம்பின் மணமான யூஜெனால், குவையகாலின் உடலில் ஒரு சிறு வால் ஒட்டவைத்ததுபோன்ற அமைப்புடையது. ஹாமின் கட்டத்துக்குக் கட்டம் கிராம்பு குத்தும் பழக்கம் இந்த வேதியியல் தெரிவதற்கு நெடுங்காலம் முன்பே வந்தது. மூக்கு முன்னமே இந்தச் சொந்தத்தை அறிந்திருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஹிக்கரி, ஓக், மேப்பிள், ஆப்பிள், செர்ரி மரங்களை அங்கே பயன்படுத்துகிறார்கள். பைன் போன்ற பிசின் மரங்களைத் தொடமாட்டார்கள். பிசின் எரிந்தால் கரியும் கசப்பும்தான். ஆப்பிள் விறகில் புகைபோட்டால் கறியில் ஆப்பிள் வாசம் வரும் என்று சொல்பவர்கள் உண்டு. அது சரியல்ல. ஆப்பிள் பழத்தின் மணம் பழத்துக்குள் உருவாகும் எஸ்டர்களால் வருவது. கட்டைக்குள் அவை இல்லை. ஆப்பிள் விறகின் புகை மென்மையானது, அதனால் இனிப்புப் பாகோடு ஒத்துப்போகிறது என்று சொன்னால் ஒப்புக்கொள்ளலாம்.

புகையின் தரத்தைக் கண்ணால் அறியலாம். விறகுக்குக் காற்றுப் போதாமல் மூச்சுத்திணறினால் வெள்ளையாகக் குப்குப்பென்று கிளம்பும். அதில் பெரிய துளிகள் மிதக்கும், கறிமேல் படிந்தால் தார்போலக் கசக்கும். காற்றோட்டம் சரியாக இருந்தால் புகை மெல்லியதாக, நீலம் பாரித்து, இருக்கிறதா இல்லையா என்று தேடும்படி இருக்கும். துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியவையாக இருக்கும்போது நீல ஒளியே அதிகம் சிதறும். வானம் நீலமாகத் தெரிவதும் இதே வகைச் சிதறலால்தான். அனுபவசாலிகள் அந்த நீலப் புகை வந்த பிறகே தொடையை உள்ளே வைப்பார்கள், அதையும் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு அல்ல, குளிரோடு. குளிர்ந்த, லேசாக ஈரமான பரப்பில்தான் புகையின் வாசனைப் பொருள்கள் நன்றாக ஒடுங்கும்.

புகைபோட்ட மாட்டிறைச்சியை அறுத்தால் ஓரத்தில் மட்டும் ஓர் இளஞ்சிவப்பு வளையம் தெரியும். விறகுப் புகையிலும் நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் இருப்பதால் உண்டாவது அது. ஹால்டேன் ஆராய்ந்த அதே இரண்டு வாயுக்கள். அந்த வளையத்தின் அகலத்தைப் பார்த்துப் பெருமைப்படுவது புகையடுப்புக்காரர்களின் வழக்கம். ஹாமில் அதைத் தேட முடியாது, ஏற்கெனவே முழுத் தொடையும் அந்த நிறம்தான். உப்பு எலும்புவரை போகிறது. புகை ஓரத்தோடு நின்றுவிடுகிறது. பாகு அந்த ஓரத்துக்குள்ளும் நுழைவதில்லை. ஆழத்துக்கு ஏற்ற நேரம்: உப்புக்கு வாரங்கள், புகைக்கு மணிகள், பாகுக்குக் கடைசி அரைமணி.

பாகை முதலிலேயே பூசி வைப்பவர்கள்தான் பண்டிகை நாளில் கருகின தொடையோடு நிற்பார்கள். புகையடுப்பின் உள்ளே 110 முதல் 120 டிகிரி செல்சியஸ் இருக்கும். நாம் தினம் பயன்படுத்தும் சீனி 160 டிகிரிக்கு மேல்தான் கருகத் தொடங்கும், ஆகவே ஆபத்தில்லை என்று தோன்றும். ஆனால் பழத்தில் இருக்கும் ஃப்ரக்டோஸ் 110 டிகிரி சுற்றளவிலேயே நிறம் மாறத் தொடங்கிவிடுகிறது. தேனும் அப்படியே. போதாததற்குப் பழத்தின் புளிப்பு, சூட்டில் சீனியையும் உடைத்துக் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரிக்கிறது. கடுகும் இறைச்சிச் சாறும் தரும் புரதத்துணுக்குகளோடு இந்தச் சர்க்கரைகள் வினைபுரிவது வேறு. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீ மையார் 1912இல் விவரித்த அந்த வினையால்தான் பாகுக்கு வெறும் இனிப்பைத் தாண்டிய வறுத்த மணம் கிடைக்கிறது.

பாகில் தண்ணீர் இருக்கும்வரை அதன் சூடு பெரிதாக ஏறாது. தண்ணீர் ஆவியாகிச் சர்க்கரை செறிய, கொதிநிலை உயரும். நம் வீடுகளில் அதிரசத்துக்கும் கடலை உருண்டைக்கும் விரலிடுக்கில் தொட்டுக் கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று பார்ப்பது இந்தச் செறிவைத்தான். ஹாமுக்கான பழப்பாகு அந்தப் பதத்தை அடுப்புச் சட்டியில் அல்லாமல் கொழுப்பின்மேலேயே அடைய வேண்டும். ஆகவே உட்சூடு குறியை நெருங்கும்போது பூச ஆரம்பித்து, பத்து நிமிடத்துக்கு ஒரு பூச்சாக இரண்டு மூன்று முறை. ஒவ்வொரு பூச்சும் பிசுபிசுவென்று இறுகியபின் அடுத்தது. ஆப்ரிகாட் ஜாம், ஆரஞ்சு மார்மலேட், செர்ரி ஜாம் எல்லாம் இதற்குத் தோதாக இருப்பது அவற்றிலுள்ள பெக்டினால். புளிப்பும் நிறைந்த சர்க்கரையும் சேரும்போது பெக்டின் வலைபோலப் பின்னிக்கொண்டு பாகை வழியவிடாமல் பிடிக்கும். கட்டம் கட்டமாகக் கீறுவது அழகுக்கு மட்டுமில்லை. கொழுப்பில் நீர்ப்பாகு நிற்காது. கீறலின் வாய்க்கால்களில்தான் தேங்கும்.

அன்னாசி தனிக்கதை. பச்சை அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. பப்பாளிக்காயை அரைத்து ஆட்டுக்கறியில் பிசறினால் கறி குழைவதுபோல், பச்சை அன்னாசிச்சாறும் புரதத்தை அறுக்கும். நெடுநேரம் ஊறினால் ஹாமின் மேற்பரப்பு கூழாகிவிடும். டப்பாவில் அடைத்த அன்னாசி ஏற்கெனவே சூடேறியது, நொதி செத்துவிட்டது. ஹாமின்மேல் அன்னாசி வளையங்களை அடுக்கும் அமெரிக்க வழக்கம் டப்பா அன்னாசியோடு வளர்ந்ததில் வியப்பில்லை. 1901இல் ஜேம்ஸ் டோல் ஹவாயில் அன்னாசிக் கம்பெனி தொடங்கினார். அவருக்காக ஹென்றி ஜினாகா 1911இல் செய்து கொடுத்த இயந்திரம் பழத்தைத் தோல்சீவி, நடுத்தண்டைத் துளைத்து, உருளையாக்கித் தள்ளியது. உருளையை வெட்டினால் வளையம். நடுத்துளையில் ஒரு செர்ரியை வைக்கும் யோசனை யாருக்கும் தானாக வந்திருக்கும்.

எப்போது இறக்குவது? கடிகாரத்தை நம்பக் கூடாது, குத்திப் பார்க்கும் வெப்பமானியை நம்ப வேண்டும். ஆலையிலேயே வேகவைத்துப் பொட்டலமிட்ட ஹாம் என்றால் நடுப்பகுதி 60 டிகிரி வந்தால் போதும். பொட்டலம் பிரித்து மறுபடி கட்டியதென்றால் 74. உப்பே காட்டாத பச்சைத் தொடை என்றால் 63 வரை வேகவைத்து, இறக்கியபின் 3 நிமிடமாவது ஆறவிட வேண்டும். முள் எலும்பைத் தொடக் கூடாது, தொட்டால் அந்த அளவு இறைச்சியின் அளவு ஆகாது. நாலைந்து கிலோ தொடைக்கு மூன்று மணி நேரம் என்பது உத்தேசம்தான். சுருள்சுருளாக முன்னமே சீவி விற்கும் ஹாமுக்குப் புகையடுப்பு உகந்ததல்ல என்பது என் கருத்து. ஒவ்வொரு சீவலின் இடுக்கிலும் ஈரம் தப்பித்துப் போய்விடும். அப்படிச் சீவிய துண்டுகளில் சில சமயம் மயில்கழுத்துபோல் பச்சையும் ஊதாவும் மினுங்கும். பலர் கெட்டுவிட்டதென்று குப்பையில் போடுகிறார்கள். வாடையும் பிசுபிசுப்பும் இல்லையென்றால் அது கெட்டது அல்ல. நேர்குறுக்காக வெட்டுப்பட்ட தசைநார்களின் நுண்வரிகளில் ஒளி பிரிந்து காட்டும் நிறம், குறுந்தகட்டில் தெரியும் வானவில்லைப் போல.

உடல்நலத்தைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் நான் வாசகருக்கு நேர்மையாக இல்லை என்றாகும். லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 அக்டோபரில் பதப்படுத்திய இறைச்சியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் வைத்தது. தினம் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 விழுக்காடு கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. புகையிலையும் அதே பிரிவில் இருக்கிறது என்பதால் இரண்டும் ஒரே அளவு கொடியவை என்று ஆகாது. பிரிவு சொல்வது சான்றின் உறுதியை, ஆபத்தின் அளவை அல்ல. நைட்ரைட்டிலிருந்து நைட்ரோசமைன்கள் உருவாகலாம், புகையில் பென்சோபைரீன் போன்ற பொருள்கள் உண்டு. செலரிப் பொடி சேர்த்து ‘நைட்ரைட் போடாதது’ என்று விற்கும் பொட்டலங்களும் இருக்கின்றன. செலரிச் செடியே நைட்ரேட் நிறைந்தது, கிருமிகள் அதையும் நைட்ரைட்டாக்கும், இறைச்சிக்குள் நடப்பது அதே வேதியியல். அந்தச் சீட்டு வாசகம் மக்களை ஏமாற்றுகிறது என்றே நினைக்கிறேன். ஆண்டுக்கு இரண்டு பண்டிகைக்குத் தின்பதை நான் குறை சொல்லமாட்டேன். தினமும் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டு டப்பாவில் வைப்பதைப் பற்றித்தான் கவலை.

விருந்து முடிந்து ஆட்கள் எழுந்த பின் தட்டில் எலும்பு மிஞ்சும். அதை யாரும் எறிவதில்லை. மறுநாள் காய்ந்த பட்டாணியோ பீன்ஸோ ஊறவைத்து, அந்த எலும்போடு சேர்த்துச் சிறு தீயில் வைப்பார்கள். மூட்டுகளின் கொலாஜன் ஜெலட்டினாகக் கரைந்து ரசம் கெட்டிப்படும். ஓரத்தில் தங்கியிருந்த குவையகால் நீரில் இறங்க, பானையிலிருந்து எழும் ஆவியில் முந்தாநாள் விறகு மறுபடி மணக்கும்.